புளியோட்டுக் கரி

எங்கள் ஆராய்ச்சிக்கூட வாசலில் ஒரு பேனர் தொங்கியது. ‘கழிவிலிருந்து செல்வம்’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே எங்கள் கைடு ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பார். பக்கத்தில் நான் நிற்பேன், கழுத்தில் பாசிமணி மாலையோடு. நான் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவன். பிறந்ததிலிருந்து பாசிமணி போட்டதில்லை. என் அப்பாவும் போட்டதில்லை, அவருடைய அப்பா போட்டதாகவும் யாரும் சொன்னதில்லை. போட்டோ எடுக்க வந்தவர், மலைவாழ் மக்கள் என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்றார். கைடு தலையாட்டினார். நான் கழுத்தை நீட்டினேன். கல்யாணப் பெண்கூட அவ்வளவு அடக்கமாக நீட்டியிருக்க மாட்டாள்.

அந்தக் குடுவையில் இருந்தது கிளிசரால். மருந்துக்கடையில் கிளிசரின் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். அடிவாரத்தில் புங்கன் விதையை ஆட்டி, அந்த எண்ணெயை டீசலாக மாற்றும் ஆலை ஒன்று இருந்தது. பத்துக் குடம் டீசல் வந்தால் கூடவே ஒரு குடம் கிளிசராலும் வந்து சேரும். கடையில் விற்பதுபோலத் தெளிவாக இருக்காது; கறுத்து, சோப்பு நாற்றத்தோடு, தொட்டால் கையை விடாத பிசுக்காக இருக்கும். வாங்க ஆள் இல்லை, கொட்ட இடம் இல்லை. அதை ஹைட்ரஜனோடு அழுத்தத்தில் சூடாக்கி, சரியான உலோகத்தின் மேல் படவிட்டால், இருமல் மருந்திலும் முகப்பூச்சிலும் சேர்க்கிற புரொப்பிலீன் கிளைக்காலாக மாறும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. உலகத்தில் எத்தனையோ கூடங்களில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கிழிக்கப் போவதாகச் சொன்னது, மலையின் கழிவைக் கொண்டே, மலை மக்களுக்காகவே, அதைச் செய்வோம் என்பது.

ஆலைக் கிளிசரால் எங்கள் ரியாக்டருக்குள் ஒரே ஒரு தடவைதான் போனது. குழாய் அடைத்துக்கொண்டது, இரண்டு நாள் நான் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கம்பெனி பாட்டிலில் வருகிற சுத்தமான கிளிசராலைத்தான் ஊற்றினோம். ஆலைச் சரக்கு ஒரு கேனில் மூலையில் கிடந்தது. யாராவது பார்வையிட வந்தால் குடுவையில் ஊற்றி மேசைக்குக் கொண்டுவருவோம், அவர்கள் காரில் ஏறியதும் திரும்பக் கேனில் ஊற்றிவிடுவோம். கோயில் உற்சவர்கூட வருடத்தில் அத்தனை தடவை வெளியே வந்திருக்க மாட்டார்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் எங்கள் கூத்து புரியாது. நாங்கள் எடுத்துக்கொண்டது செம்பு. செம்பு எவ்வளவுக்கெவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு வேலை செய்யும். ஆனால் வெறும் பொடியைச் சூடாக்கினால், வெயிலில் வைத்த வெல்லத்தூள்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியான செம்பும் சும்மா கிடக்கிற கல்லும் ஒன்றுதான். அதனால் அந்தப் பொடியைத் தனித்தனியாகப் பிடித்து உட்காரவைக்க ஒரு தாங்கி வேண்டும். சிறுசிறு துளைகள் நிறைந்த கரி அதற்குத் தோதானது. கரி எதிலிருந்து என்பதில்தான் எங்கள் கைடின் மூளை வேலை செய்தது. உன் மலையில் யாரும் சீண்டாத கழிவு என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். புளியோடு என்றேன். அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, புளியமரத்தையே நான்தான் உண்டாக்கியதுபோல எனக்கு ஒரு பெருமை.

அது மாசி மாதம். ஊருக்குப் போனபோது எங்கள் வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மலையில் அந்த மாதங்களில் புளி உடைக்காத வாசல் கிடையாது. ஓட்டை உடைத்துக் கழித்து, நாரை இழுத்து, கொட்டையைத் தட்டி எடுத்து, சதையைக் கல்லுப்பு தூவித் தூவிப் பானையில் அடைத்துவிட்டால், அடுத்த புளி வரும்வரை பூச்சி வராது. ஓடு குப்பைக்குப் போகும், இல்லை அடுப்புக்குப் போகும். நான் அந்தக் குவியலிலிருந்து ஒரு யூரியாச் சாக்கு நிறைய வாரிக்கொண்டேன்.

“இன்னாத்துக்குடா குப்பைய வாரிக்கினு போற?” என்று அம்மா கேட்டாள். “காலேஜ்ல அடுப்பா எரிக்கிறாங்க?”

இது ரொம்ப முக்கியமான பொருள், இதை வைத்துத்தான் பெரிய ஆராய்ச்சி நடக்கப்போகிறது, டெல்லியிலிருந்தெல்லாம் வந்து பார்ப்பார்கள் என்று நான் அளந்துவிட்டேன். அம்மா சாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த ஓட்டைக் காற்றில்லாமல் சூடாக்கிக் கரியாக்கினோம். கரியைக் காப்பர் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, ஹைட்ரஜனில் சுட்டோம். வழக்கமாக இப்படிப்பட்ட கரியைப் பல தடவை கழுவுவார்கள். கைடு கழுவவே கூடாது என்றுவிட்டார். மலையில் தண்ணீர்க் கஷ்டம் என்பதால் ‘துளித் தண்ணீர் வீணாக்காத பசுமை முறை’ என்று திட்ட அறிக்கையில் அவர் எழுதிக்கொடுத்திருந்தார். எழுதிய இடம் ஏசி அறை என்பது வேறு விஷயம்.

முதல் தடவையே பிரமாதமாக வந்தது. ஊற்றிய கிளிசராலில் பெரும்பகுதி நாங்கள் கேட்டபடியே மாறியிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. கைடு எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக்கொடுத்தார். மலை மக்களின் மரபறிவு என்று ஒரு கட்டுரை எழுதினார். குப்பையைக் குப்பையில் போடுவதில் என்ன மரபறிவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை விழுங்கிக்கொண்டு, கட்டுரையில் என் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்தேன்.

திட்டம் கொடுத்தவர்கள் ஒரு வருடத்தில் வந்து பார்ப்பார்கள். அதற்குள் அதே முடிவை மறுபடி மறுபடி எடுத்துக் காட்டவேண்டும். அந்த வேலைக்கு எனக்குத் துணையாக ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள், பிஎச்டி செய்யவேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய பிஎச்டி பதிவு எங்கள் திட்டத்தில் இருக்கும் இடத்தோடு ஒட்டியது. இடம் போனால் பதிவும் போகும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கைடுக்கு நன்றாகவே தெரியும். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். கரியை அரைப்பதும் செம்பில் ஊறவைப்பதும் அவள் வேலை, ரியாக்டர் ஓட்டுவது என் வேலை. எதைச் செய்தாலும் நோட்டில் எழுதிவைப்பாள். பிப்பெட்டைக் கழுவியதைக்கூட நேரம் போட்டு எழுதுவாள். வாத்தியார் புத்தி என்று நான் கிண்டல் செய்வேன்.

இரண்டாவது மூட்டை ஓடு மலையிலிருந்து ஜீப்பில் வந்தது. இந்த முறை அம்மாவே கட்டி அனுப்பியிருந்தாள். மண் இல்லை, நார் இல்லை, ஒரு கொட்டை இல்லை. பார்க்கவே அழகாக இருந்தது. எங்கள் வீட்டுச் சரக்கு எப்படி என்று அந்தப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த மூட்டையிலிருந்து செய்த வினையூக்கி, அதாவது செம்பு ஏற்றிய கரி, வேலை செய்யவில்லை. முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் அசையும், பிறகு செத்துவிடும். மறுபடி செய்தோம், மறுபடி செத்தது. அம்மா அடுத்த மூட்டை அனுப்பினாள், அதுவும் அப்படியே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நாங்கள் கூடத்தில் ஒரு செங்கல்லையும் விடவில்லை. ஹைட்ரஜன் சிலிண்டர் மட்டம் என்றோம், மாற்றினோம். வால்வு கசிகிறது என்றோம். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று மின்வாரியத்தைத் திட்டினோம். பக்கத்துத் துறை பேராசிரியர் ஒருவர் ரியாக்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கைடு பழத்தோடு வந்தார்.

கடைசியில் செத்துப்போன வினையூக்கியை வெளியூருக்கு அனுப்பி, பெரிய கருவியில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். செம்பு கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டது என்று அறிக்கை வந்தது. கூடவே இருந்த வரைபடத்தின் ஓர் ஓரத்தில் குளோரின் இருப்பதாக ஒரு சின்ன மேடு காட்டியிருந்தது. செம்புக்குக் குளோரைடு ஆகாது. இருந்தால் சூட்டில் செம்பை நகர்த்திக் கட்டியாக்கிவிடும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். கைடு அந்த மேட்டைப் பேனாவால் சுட்டி, “இது கை வேர்வை. கையுறை போடாம தொட்டிருக்காங்க” என்றார். தொடுகிற வேலை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் மேசையில் அவள் இரண்டு சோதனைக் குழாய் வைத்திருந்தாள். பழைய யூரியாச் சாக்கில் மிச்சமிருந்த ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டது ஒன்று. அது லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். அம்மா அனுப்பிய மூட்டை ஓட்டில் அதையே செய்தது இன்னொன்று. அது வெள்ளை வெளேரென்று தயிர்போலத் திரிந்திருந்தது. குளோரைடைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இது; பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் செய்வது.

“அண்ணா, கரி ஆகறதுக்கு முன்னாலயே, ஓட்டுலயே உப்பு இருக்கு. என் கை பட்ட எடம் இல்ல இது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. புளியோட்டில் உப்பு எங்கிருந்து வரும், மரத்திலேயே காய்க்குமா என்று கேட்டேன். குழாய்த் தண்ணீரில் கழுவிய டியூப்பாக இருக்கும், பிளஸ் டூ சோதனையை வைத்துக்கொண்டு கைடின் முடிவோடு மல்லுக்கு நிற்காதே என்றேன். அவள் காய்ச்சி வடித்த நீரில் கழுவியதை நோட்டில் நேரத்தோடு எழுதியிருந்தாள், காட்டவும் வந்தாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மூட்டையில் குறை என்று அடிவாரத்துக்காரி ஒருத்தி சொல்வதா என்றுதான் எனக்குப் பட்டது. வேதியியலெல்லாம் அப்போது என் தலையில் இல்லை.

கைடு என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பெண் எப்படி என்று கேட்டார். பார்வையிட வருகிறவர்களுக்கு இந்தத் தோல்விகளுக்கு ஒரு காரணம் சொல்லியாகவேண்டும் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. “கை சுத்தம் கொஞ்சம் கம்மிதான் சார்” என்றேன். பிப்பெட்டைக் கழுவியதற்கு நேரம் எழுதிவைத்தவளைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். மூன்று நாள் விடுமுறை. அடுத்த மூட்டையை நானே எடுத்துக்கொண்டு வரலாம் என்று எண்ணம். பின்கட்டில் அம்மா பெரிய பானை ஒன்றைச் சாய்த்துவைத்து, உள்ளே கையை விட்டு ஓட்டை எடுத்து முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஓடு ஈரமாக மினுமினுத்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒட்டியிருந்த கல்லைப் பொறுக்கிப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டாள். கிண்ணத்தில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். கல்லுப்பு.

“இது இன்னாம்மா?”

“ஓட்டுக்குத்தான்டா. டெல்லியிலர்ந்து வந்து பாக்கறாங்கன்ன. அப்பிடியே வெச்சா பூச்சி வெக்கும், மழக்காலத்துல பூஞ்சக் கட்டும். புளிக்குப் போடறாப்ல போட்டு அடச்சி வெச்சிட்டேன். அனுப்பறப்ப உப்பெல்லாம் பொறுக்கிட்டுத்தான் மூட்ட கட்டறேன், ஒரு கல்லு பாக்க முடியாது நீ.”

ஒரு கல்லையும் நான் பார்க்கவில்லைதான். மாதக்கணக்கில் ஈரத்தில் கரைந்து ஓட்டுக்குள் ஊறிய பிறகு பார்க்க என்ன இருக்கிறது? மலையில் பிறந்து, புளிக்கு உப்பு போடுவதைப் பார்த்தே வளர்ந்து, அதற்குமேல் வேதியியலும் படித்த எனக்கு இது தோன்றவில்லை. குப்பைக்கு யார் உப்பு போடுவார்கள்? பிள்ளை அதைக் குப்பை இல்லை என்று சொல்லிவிட்டால், அம்மா போடுவாள். கழுவியிருந்தால்கூட உப்பு போயிருக்கும். துளித் தண்ணீர் வீணாக்காத பசுமை முறைதான் கழுவவிடவில்லையே.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் புளி வரத் தொடங்கியிருந்தது; அடுத்த வீட்டில் அப்போதுதான் உடைத்துப் போட்ட ஓட்டை ஒரு சாக்கு வாரிக்கொண்டேன். அவசரம், இது போதும் என்றேன். பானையில் இருப்பது வீணாகப் போகிறதே என்று அவளுக்கு முகம் வாடிவிட்டது.

திங்கட்கிழமை காலை நேராகக் கைடு அறைக்குப் போய் அம்மா ஓட்டுக்கு உப்பு போட்டதைச் சொன்னேன். இதையாவது செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மேசைமேல் அவளை நீக்கும் கடிதம் இருந்தது. டைப் அடித்தாகிவிட்டது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான். காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் வேலை செய்யும்.

“சரிய்யா, இப்ப ரிப்போர்ட்ல இன்னான்னு எழுதுவ? மலை மக்கள் உப்பைக் கலந்துட்டாங்கன்னா? உங்க அம்மா தப்பு பண்ணாங்கன்னு எழுதுவியா? வர்றவங்க சிரிப்பாங்க. உங்க ஆளுங்களுக்கு இனிமே ஒரு திட்டம் வராது.” கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பொண்ணுக்கு வாத்தியார் வேலை இருக்கு. அது பொழச்சிக்கும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஏற்பாடு. மறைக்கிற சோறு என் அம்மாவின் மானம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கடிதம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். சோதனைக் குழாயைப் பாருங்கள், அவள் சொன்னது சரி என்றால் போதும். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். பேனா முதலில் எழுதவில்லை, உதறிவிட்டுப் போட்டார்.

அவள் சாமான்களை எடுத்துக்கொண்டபோது நான் இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டி ரியாக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பின்னால் வந்து நின்றாள்.

“நீங்களும் என் கையாலதான் கெட்டுதுன்னு நெனைக்கிறீங்களாண்ணா?”

கைடின் முடிவு, என் கையில் என்ன இருக்கிறது என்றேன். உப்பு எங்கிருந்து வந்ததென்று மட்டும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். தெரிந்தால் சொல்கிறேன் என்று, தெரிந்து மூன்று நாள் ஆன பிறகு, சொன்னேன்.

உப்பு படாத ஓட்டில் செய்தது முதல் தடவைபோலவே அருமையாக ஓடியது. மறுபடி மறுபடி ஓடியது. டெல்லியிலிருந்து வந்தவர்கள் டீ குடித்தார்கள், குடுவையிலிருந்த ஆலைக் கிளிசராலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்கள், பாராட்டிவிட்டுப் போனார்கள். பயிற்சியற்ற கை செய்த பிழை திருத்தப்பட்டது என்று அறிக்கையில் ஒரு வரி. அந்த வரியை எழுதியவன் நான்தான். ஆலை அதற்கு முன்பே மூடிக்கிடந்தது. வந்தவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் கரியால் மலையில் ஒரு வீட்டுக்கும் ஒரு கரண்டி நன்மை கிடையாது. எனக்கு ஆய்வேடு கிடைத்தது, கைடுக்கு அடுத்த திட்டம் கிடைத்தது.

அந்த நாட்களில் மனசாட்சி உறுத்தும்போதெல்லாம் நான் ஒன்றையே சொல்லிக்கொள்வேன்: எனக்காக இல்லை, அம்மாவுக்காக. பிள்ளையின் படிப்புக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்தவளை நாலு பேர் நடுவில் நிறுத்தவா முடியும்? இதைச் சொன்னால் உறுத்தல் அடங்கிவிடும். நல்ல மருந்து, இரண்டு வருடம் வேலை செய்தது.

பிறகு என் வைவா வந்தது. பிஎச்டி வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அறிவிப்புப் பலகையில் தேதி போட்டிருப்பார்கள். யாரும் வருவதில்லை, மிக்சருக்கு வருகிறவர்களைத் தவிர. அம்மா வந்திருந்தாள், மலையிலிருந்து விடியற்காலை ஜீப் பிடித்து. புதுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பழைய பள்ளிக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குப் பிறகு திரையிலிருந்த படங்களைப் பார்த்தே பேசி ஒப்பேற்றினேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டிக்காரர். அட்டவணையைப் புரட்டி, நடுவில் இத்தனை தடவை தோற்றிருக்கிறதே, ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். செய்தவரின் கைப்பிழை என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். கைடு தலையாட்டினார். அம்மா எதுவும் புரியாமல், பிள்ளை டக்கென்று பதில் சொன்ன சந்தோஷத்தில் சிரித்தாள். கடைசி வரிசையில் அவள் தலையைக் குனிந்து மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வந்தவர்களும் கேட்கலாம் என்பது முறை. கேட்கவில்லை.

தேர்வாளர்கள் உள்ளே கலந்து பேசிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் டீ கொடுத்தார்கள். தனியாக நின்ற அம்மாவுக்கு அவள்தான் டீயும் ஒரு லட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். யார் வூட்டுப் பொண்ணும்மா நீ என்று அம்மா கேட்டிருப்பாள். நான் அவசரமாக அந்தப் பக்கம் நடந்தேன். இரண்டடி தூரம் இருக்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது.

“நீயும் இந்த ஓட்டு வேலதான் செஞ்சியா? அந்த ஓடு நான் அனுப்பிச்சதும்மா. கெட்டுப் போவக்கூடாதுன்னு கல்லுப்பு போட்டு அடச்சி வெச்சி, அப்பறம் ஒவ்வொரு கல்லா பொறுக்கிட்டு அனுப்புவேன். கண்ணே பூத்துப்போவும்.”

அவள் டீயைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அங்கே வந்து நின்ற வேகத்திலேயே, எனக்கு இது புதுச் செய்தி இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்த வராந்தாவிலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மலைக்காரர்களின் மரபறிவைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். ஆளுக்கு ஒரு குத்தல் மிச்சம் வைக்காமல் கொடுத்திருப்பேன். அதற்காகவே காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “அவ்ளோ பொறுமையா யாரும்மா செய்வாங்க, நல்லா பண்ணீங்க” என்றாள். தன் தட்டிலிருந்த லட்டை எடுத்து அம்மா தட்டில் வைத்தாள். அம்மாவின் முகம் பூரித்துப்போனது.

கிளம்பும்போது என்னைத் தாண்டிப் போனவள் ஒரு கணம் நின்றாள்.

“அந்த உப்பாலதான் எல்லாம் கெட்டுதுன்னு அம்மாவுக்குச் சொல்லிடாதீங்கண்ணா. மனசு ஒடைஞ்சிடும்.”

அம்மாவின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு லட்டும் ஒரு வாக்கியமும் போதுமாக இருந்தது. அதற்கு யாருடைய வாழ்க்கையும் வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்காகத்தான் என்று நான் இரண்டு வருடம் சொல்லிவந்தது வெறும் பொய், எல்லாம் எனக்காகத்தான் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. இப்போதும் உள்ளே போய் அந்தத் தேர்வாளரிடம் உண்மையைச் சொல்லலாம். அவள் படியிறங்கி கேட் வரைக்கும்கூடப் போயிருக்கவில்லை.

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், பொன்னாடை போர்த்துவதற்கு. போனேன்.